கால்டுவெல் கண்ட மொழிக்குடும்பமும் கடாரத் தோட்டங்களும்

கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் மூன்று மொழிகள் ஒலித்த காலம் ஒன்றுண்டு. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் அங்குப் பெரும்பான்மையர். அவர்களோடு விசாகப்பட்டினம் முதலிய கரையோரப் பகுதிகளிலிருந்து தெலுங்கரும், மலபாரிலிருந்து மலையாளிகளும் வந்து குடியேறினர். காலையில் பெரட்டுக்கு ஒன்றாக நின்றனர்; ஒரே நிரையில் பால்மரம் வெட்டினர்; பால் நிறுக்கும் கொட்டகையில் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வாளிகளை இறக்கினர். வாளிகளை எண்ணுங்கால் தமிழர் ‘ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு’ என்றனர். மலையாளி ‘ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு, அஞ்சு’ என்றார். தெலுங்கர் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது’ என்றார். மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை என்பதை எழுத்தறியாதவரும் செவியால் உணர்தல் கூடும்.

ஆயினும் உணர்தல் வேறு, நிறுவுதல் வேறு. ஒலி ஒத்திருப்பதாலேயே இரண்டு மொழிகள் உறவுடையன ஆகிவிடா. அவ்வுறவைச் சான்று காட்டி, இலக்கண முறைப்படி, உலகத்து அறிஞர் ஏற்கும் வண்ணம் விரிவாக நிறுவிய பெருமை இராபர்ட்டு கால்டுவெல் என்னும் ஆங்கிலிக்கன் அத்தியட்சருக்கு உரியது. இக்காலத்தார் பேராயர் எனக் குறிக்கும் பதவியையே அக்காலத்துத் திருநெல்வேலிக் கிறித்தவர் அத்தியட்சர் என வழங்கினர். கால்டுவெல் கெடாவைக் கண்டவர் அல்லர். அவர் மறைந்த 1891ஆம் ஆண்டில் கெடா சயாம் நாட்டின் மேலாண்மையில் இருந்தது. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கைக்குப் பின்னரே அது பிரிட்டிஷார் ஆதிக்கத்துள் வந்தது. இரப்பர்த் தோட்டங்கள் பல்கிப் பெருகியதும் அதன் பின்னரே. எனினும், அவர் வகுத்த ஆய்வு முறைக்குக் கெடாத் தோட்டங்களைப் போலப் பொருந்திய வகுப்பறை வேறு அரிது எனலாம். அம்மனிதர் யார், அவர் செய்தது யாது, அதில் நிலைத்தது எது, நிலையாதது எது என்பன தமிழாசிரியரும் மாணவரும் அறியத்தக்கவை.

இளமையும் கடற்பயணமும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே திங்கள் 7ஆம் நாள் அயர்லாந்தில் அந்திரிம் நகருக்கு அருகிலுள்ள கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். பிள்ளைக்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் சில ஆண்டுகள் டப்ளின் நகரில் ஓவியம் பயின்ற அவர், பின்னர்ச் சமயப்பணியில் நாட்டங்கொண்டு, இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் சார்பில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குக் கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய சர் தானியேல் சாண்ட்போர்டு என்பாரின் பாடங்கள், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவர் உள்ளத்தில் விதைத்தன.

1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவர் சென்னையில் கரையிறங்கினார். கப்பலில் உடன் வந்தவர்களுள் ஒருவர் தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டாற்றிய சி.பி. பிரவுன் ஆவார். கடலிலேயே இந்திய மொழிக் கல்வி தொடங்கிற்று. சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ பாதிரியார் அதே சங்கத்தைச் சேர்ந்தவராய் அந்நகரில் பணியாற்றியது அவர்க்கு நற்றுணையாயிற்று.

1841ஆம் ஆண்டில் கால்டுவெல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து, எஸ்.பி.ஜி. என வழங்கப்பெற்ற நற்செய்திக் கழகத்தின் பணியாளரானார். சென்னையிலிருந்து திருநெல்வேலி செல்ல அவர் தேர்ந்தது நடைப்பயணம். சோழநாட்டையும் கொங்குநாட்டையும் கடந்து, நீலகிரியில் அத்தியட்சர் ஸ்பென்சரிடம் குருப்பட்டத்தின் முதல் நிலையைப் பெற்று, மீண்டும் தெற்கு நோக்கி நடந்தார். மக்கள் பேசும் மொழியையும் அவர்தம் பழக்க வழக்கங்களையும் ஊர்தோறும் தங்கி அறிந்துகொள்ளவே அவ்வாறு நடந்தார் என்பர். நூல் வழிக் கற்ற தமிழோடு வழிநடையில் கேட்ட தமிழும் சேர்ந்தது. பிற்காலத்தில் அவருடைய இலக்கணத்தில் செய்யுள் வழக்கும் பேச்சு வழக்கும் அருகருகே வைத்து ஆராயப்படுவதற்கு இந்நடையே தோற்றுவாய் எனக் கருத இடமுண்டு.

இடையன்குடி

1841ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்று சேர்ந்த இடையன்குடி, திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த வறண்ட சிற்றூர். மக்களுள் பெரும்பாலோர் பனைத்தொழிலாளர். அவ்வூரே அடுத்த நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவருக்கு வாழ்விடமாயிற்று. தெருக்களை நேராக்கினார், கிணறுகள் வெட்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1847ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற தூய திரித்துவ ஆலயம் 1880ஆம் ஆண்டில்தான் நிறைவெய்தித் திறக்கப்பெற்றது. முப்பத்து மூன்றாண்டுக் காலம் ஒரு கட்டடத்தை விடாது எழுப்பிய பொறுமையே, அவர் மொழியாய்விலும் வெளிப்பட்டது.

1844ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் பாதிரியாரின் மகள் எலைசாவை அவர் மணந்தார். எலைசா அம்மையார் தென்னாட்டிலேயே வளர்ந்தவர். தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். இடையன்குடியில் பெண்களுக்குக் கல்வியும் பின்னல் நூல்வேலையும் பயிற்றுவித்தவர் அவரே. கால்டுவெல்லின் புகழைப் பேசுவோர் இவ்வம்மையாரின் பணியை மறந்துவிடுதல் முறையன்று. பெண்கள் ஏடு தொடுதல் அரிதாயிருந்த நாளில் ஒரு சிற்றூர்ப் பெண்கள் எழுத்தறிந்து, தம் கைத்தொழிலால் பொருளீட்டவும் கற்றது சிறிய செய்தி அன்று.

கால்டுவெல் தமிழில் உரைநடை நூல்களும் இயற்றினார். ‘நற்கருணைத் தியான மாலை’ 1853ஆம் ஆண்டிலும் ‘தாமரைத் தடாகம்’ 1871ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஹென்றி பவர் தலைமையில் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்த குழுவிலும் அவர் பங்குபெற்றார். எனினும் அவர்தம் பெயரை நிலைநிறுத்தியது வேறொரு நூலாகும்.

ஒப்பிலக்கணம்

1854ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி விடுப்பில் தாயகம் சென்ற கால்டுவெல், தாம் பல்லாண்டுகள் திரட்டி வைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, 1856ஆம் ஆண்டில் இலண்டனில் ‘திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. பெரிதும் திருத்தி விரிவாக்கப்பெற்ற இரண்டாம் பதிப்பு 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதற்பதிப்பில் ஒன்பது மொழிகளைக் கொண்ட குடும்பம், இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளாக விரிந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோட்டா, கோண்டு, கூ, ஒராவோன், இராசமகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் என்றும் அவர் வகுத்தார். இன்றைய மொழியியலார் இக்குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் காண்கின்றனர். திருந்தியவை, திருந்தாதவை என்னும் பாகுபாட்டையும் கைவிட்டனர்.

இத்துறையில் அவரே முதல்வர் எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. அவருக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1816ஆம் ஆண்டில், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைப் பகுதியில், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது அன்று; தமிழ், கன்னடம் முதலியவற்றோடு உறவுடையது என்று சொற்சான்றுகளுடன் காட்டியிருந்தார். கால்டுவெல் தம் நூலில் எல்லிஸின் பெயரைக் குறிப்பிட்டுள்ளார். பின்வந்தோரே முன்னோடியை மறந்தனர். தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் எல்லிஸின் பங்கை மீண்டும் விளக்கமாக எடுத்துக் காட்டியது. எல்லிஸ் வழியைக் காட்டினார். கால்டுவெல் அவ்வழியில் நெடுந்தொலைவு சென்று சாலை அமைத்தார் எனக் கூறுதலே நடுவுநிலை ஆகும்.

இக்குடும்பத்திற்குத் ‘திராவிடம்’ என்னும் பெயரை அவர் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. முன்னிருந்தோர் சிலர் குடும்பம் முழுவதையும் தமிழின் பெயராலேயே வழங்கினர். ஒரு மொழியின் பெயரும் அதன் இனத்தின் பெயரும் ஒன்றாயிருப்பின் குழப்பம் விளையும் எனக் கண்ட அவர், வடமொழி நூல்களில் பயின்ற திராவிடம் என்னும் சொல்லை இனப்பெயராக்கித் தமிழுக்குத் தமிழ் என்னும் பெயரையே நிறுத்தினார்.

சான்று காட்டிய முறை

கால்டுவெல் கையாண்ட முறை யாது என்பதே மாணவர் முதன்மையாக அறிய வேண்டுவது. தமிழிலும் தெலுங்கிலும் வடசொற்கள் மிகுதியாக உள்ளன. அதுகொண்டு இவை வடமொழியிலிருந்து பிறந்தவை என்று பலர் கருதியிருந்தனர். சொற்கள் மொழிக்கு மொழி கடனாகச் செல்லும்; ஆதலின் கடன் சொற்களை ஒதுக்கிவிட்டு, எளிதில் கடன் பெறப்படாதவற்றை நோக்க வேண்டும் என்பது ஒப்பிலக்கணத்தின் அடிப்படை. மூவிடப் பெயர்கள், எண்ணுப் பெயர்கள், உறுப்புப் பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினைமுற்றின் அமைப்பு ஆகியவையே மொழியின் எலும்புகள். இவற்றில் தமிழும் அதன் உடன்பிறப்புகளும் தம்முள் ஒத்தும் வடமொழியோடு வேறுபட்டும் நிற்கின்றன. தமிழில் ‘நீ’ என்பது மலையாளத்திலும் ‘நீ’; கன்னடத்தில் ‘நீனு’; தெலுங்கில் ‘நீவு’. தமிழில் ‘கண்’ என்பது ஏனையவற்றில் ‘கண்ணு’, ‘கன்னு’ என வருகிறது. வடசொற்களை நீக்கியும் தனித்து இயங்கும் ஆற்றல் தமிழுக்குப் பிறவற்றினும் மிகுதி என்று அவர் கண்டு உரைத்தது, பின்னாளில் எழுந்த தனித்தமிழ் உணர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. உறவுடைய மொழிகளில் ஒலி மாற்றம் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே நிகழும். தமிழில் ‘பால்’ என்பது கன்னடத்தில் ‘ஹாலு’. ‘பல்’ என்பது ‘ஹல்லு’. ‘புலி’ என்பது ‘ஹுலி’. ‘பத்து’ என்பது ‘ஹத்து’. ஒரு சொல்லில் மட்டும் பகரம் ஹகரமாக மாறியிருப்பின் அதனைத் தற்செயல் எனலாம். சொல்தோறும் மாறுவது சட்டம். இச்சட்டத்தைக் கண்டுபிடிப்பதே ஒப்பிலக்கணத்தாரின் வேலை.

மலேசிய மாணவர்க்கு இம்முறையை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டுகள் வேண்டுவதில்லை. மலாய் மொழியில் கடையைக் ‘கெடாய்’ என்பர். கப்பலைக் ‘காபால்’ என்பர். கட்டிலைக் ‘காத்தில்’ என்பர். இவை தமிழிலிருந்து மலாய் பெற்ற சொற்கள். இவற்றைக் கண்டு மலாய் தமிழின் கிளைமொழி என்று ஒரு மாணவன் முடிவு செய்யின், ஆசிரியர் அவனை எண்ணுப் பெயர்களிடம் அழைத்துச் செல்லலாம். ‘சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா’ என வரும் மலாய் எண்கள் வேறொரு குடும்பத்தைக் காட்டிவிடும். வணிகத்தால் வந்த சொல் வேறு, குருதியால் வந்த சொல் வேறு என்பது அப்போது விளங்கும்.

அதனினும் நுண்ணியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. தமிழில் ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது கேட்போரை விலக்கும். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என இவ்வேறுபாடு உண்டு. மலாய் மொழியிலும் ‘கீத்தா’, ‘காமி’ என அதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இஃது இல்லை. அவ்வாறாயின் தமிழும் மலாயும் உறவுடையனவோ என ஐயம் எழும். கருத்து ஒத்திருப்பினும் சொல் ஒவ்வாமையால் உறவு இல்லை என்பதே விடை. அமைப்பில் ஒற்றுமை காண்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. இப்பாடத்தைக் கால்டுவெல்லின் நூலிலிருந்தே, அவர் தவறிய இடத்திலிருந்தே, கற்கலாம் என்பது பின்னர்ப் புலப்படும்.

அத்தியட்சர் பதவி

1877ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தா நகரில் கால்டுவெல்லும் எட்வர்டு சார்சென்ட் என்பாரும் அத்தியட்சர்களாகத் திருநிலைப்படுத்தப் பெற்றனர். கால்டுவெல்லைத் திருநெல்வேலியின் முதல் அத்தியட்சர் எனப் பொதுவாகக் கூறுவர். உண்மையில் அப்போது திருநெல்வேலி தனி மறைமாவட்டம் அன்று. சென்னை மறைமாவட்டத்தின் ஒரு பகுதியே. சென்னை அத்தியட்சராயிருந்த கெல் என்பாருக்குத் துணையாகவே இருவரும் அமர்த்தப்பெற்றனர். சி.எம்.எஸ். சபைகளைச் சார்சென்டும், எஸ்.பி.ஜி. சபைகளைக் கால்டுவெல்லும் கண்காணித்தனர். தனி மறைமாவட்டம் 1896ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. சாமுவேல் மோர்லி அதன் முதல் அத்தியட்சரானார்.

பதவி வந்த காலம் கொடிய காலம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். நிதி திரட்டிப் பசித்தவர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு அத்தியட்சரின் முதற்கடனாயிற்று. அக்காலத்தில் பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்தனர். பஞ்சத்தால் வந்தனரா, நம்பிக்கையால் வந்தனரா என்னும் வினா அப்போதே எழுந்தது. பசியும் நம்பிக்கையும் ஒரே மனிதனிடத்தில் கலந்திருத்தல் கூடும் என்பதை வரலாறு பயில்வோர் மனங்கொள்ள வேண்டும்.

பிற்பகுதியில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து, அங்குக் கல்லூரிப் பணியிலும் ஈடுபட்டார். அத்தியட்சர் அலுவல் மிகுந்தபோதும் ஆராய்ச்சியை விட்டாரல்லர். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்துத் தாம் கண்டவற்றை 1877ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். மார்க்கோ போலோ குறிப்பிடும் துறைமுகம் தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய காயலே என எடுத்துக்காட்டினார். 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைந்த கோயில் அடித்தளங்களைக் கண்ட கெடா மாணவர்க்கு, மண்ணைத் தோண்டி வரலாறு தேடும் இம்முயற்சியின் அருமை எளிதில் விளங்கும். கொற்கைத் துறையும் கடாரத் துறையும் பழங்கடல் வாணிகத்தின் இரு கரைகள் அல்லவா?

குறைகளும் மறுப்புகளும்

பெரியோர் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவது பயனற்றது. கால்டுவெல்லின் எழுத்தில் மூன்று குறைகளைக் குறிப்பிடாமல் விடுதல் இயலாது.

முதலாவது, 1849ஆம் ஆண்டில் அவர் திருநெல்வேலிப் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல். இன்று நாடார் என வழங்கப்பெறும் அச்சமுதாயத்தாரின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தியும், அவர்களை இலங்கையிலிருந்து வந்தேறியவராகக் கருதியும் அந்நூல் எழுதப்பட்டது. தம்மோடு உண்டு உறைந்து, தமக்கு ஆலயம் எழுப்பித் தந்த மக்களைப் பற்றியே இவ்வாறு எழுதியது பெருந்துயரை விளைவித்தது. கல்வி பெற்று எழுந்த அச்சமுதாயத்தார் பல்லாண்டுகள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். மறுப்பு நூல்கள் இயற்றினர். அவர்களுள் ஒருவரான சட்டாம்பிள்ளை, வெள்ளையர் சார்பற்ற தனித் திருச்சபையையே 1857ஆம் ஆண்டில் நிறுவியவர். பள்ளியைத் திறந்துவைத்தவரின் எழுத்தையே அப்பள்ளிக் கல்வியால் மறுத்தெழுந்தனர் என்பது வரலாற்றின் நீதி.

இரண்டாவது, தமிழ் இலக்கியத்தின் காலத்தை அவர் மிகவும் பின்னுக்குத் தள்ளினார். இதற்குக் காரணம் வெறுப்பன்று, நூல்கள் கிட்டாமையே. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887ஆம் ஆண்டு. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை வெளியிட்டது 1889ஆம் ஆண்டு. புறநானூற்றை வெளியிட்டது 1894ஆம் ஆண்டு. ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு வந்த 1875ஆம் ஆண்டில் சங்க நூல்கள் ஏட்டுச் சுவடிகளில் உறங்கின. கையில் உள்ள சான்றுக்கு மேல் ஓர் ஆய்வாளன் காண முடியாது. ஆதலின், சான்று இல்லாத இடத்தில் உறுதியாக முடிவுரைத்தல் தகாது என்பதே இதனால் பெறும் பாடம்.

மூன்றாவது, திராவிட மொழிகள் சித்திய இனத்தைச் சேர்ந்தவை. பின்னிய, துருக்கிய மொழிகளோடு உறவுடையவை என அவர் கருதினார். சொல்லின் பின் உருபுகளை ஒட்டிக்கொண்டு செல்லும் அமைப்பு இரு சாராரிடத்தும் ஒத்திருப்பதைக் கண்டு அவ்வாறு துணிந்தார். இக்கருத்து இன்று மொழியியலாரால் ஏற்கப்படவில்லை. திராவிட மொழிகளுக்குள் அவர் பிடித்த அளவுகோலைச் சித்திய மொழிகளுக்கு வரும்போது தளர்த்திவிட்டார் எனலாம். ‘நாங்கள்’, ‘காமி’ என்னும் சொற்களை வைத்துத் தமிழையும் மலாயையும் இணைக்கக்கூடாது என்று கற்ற மாணவன், கால்டுவெல் எங்கே வழுவினார் என்பதைத் தானே கண்டுகொள்வான். ஆசிரியரின் முறையைக் கொண்டே ஆசிரியரின் முடிவைத் திருத்துதல் அறிவுலகத்தின் அறம். 1961ஆம் ஆண்டில் பரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர் தொகுத்தளித்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, அவர் தொடங்கிய பணியை அம்முறையிலேயே நெடிது வளர்த்துத் திருத்தமுறச் செய்தது.

மறைவும் நினைவும்

1891ஆம் ஆண்டு தொடக்கத்தில் முதுமையால் பதவி துறந்த கால்டுவெல், கோடைக்கானலில் தங்கி, அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் மறைந்தார். அவர்தம் உடல் மலையிலிருந்து கொணரப்பெற்று, இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கரையிறங்கிய அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். 1966ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைவராயிருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியால், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. 1968ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய இரண்டாம் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. 2010ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

சிலையும் அஞ்சல்தலையும் நன்றிக்கு அடையாளங்கள். ஆயினும் அவருக்குச் செய்யத்தக்க சிறந்த நன்றி, அவர்தம் முறையை வகுப்பறையில் வாழவைத்தலே. ஒப்பிலக்கணத்தின் முன்னுரையில் தமிழரின் ஊக்கத்தைப் பாராட்டுமிடத்து, பெகு, பினாங்கு, சிங்கப்பூர் முதலிய கீழைத் துறைகளில் காணப்படும் இந்துக்களுள் பெரும்பாலோர் தமிழரே என அவர் குறித்துள்ளார். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரைக் கரும்புத் தோட்டங்களில் அவர் காலத்திலேயே தமிழர் உழைத்தனர். அக்கரையை அடுத்துள்ள கெடா மண்ணில், அடுத்த நூற்றாண்டில், அவர் ஏட்டில் கூட்டிய மொழிக்குடும்பத்தின் மூன்று கிளைகள் ஒரே லயத்தில் குடியேறின.

அக்காட்சி இன்று மறைந்துவருகிறது. தோட்டங்கள் பல துண்டாடப்பெற்றன. சில வீடமைப்பு நிலங்களாயின. சில செம்பனைக்கு மாறின. மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் முதலிய பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். தெலுங்கு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் பயின்று தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டனர். பாட்டனும் பாட்டியும் மட்டும் பழைய மொழியில் எண்ணவும், உறவுமுறை சொல்லி அழைக்கவும் அறிவர். அவர்களோடு அச்சொற்களும் சென்றுவிடும்.

எழுத்தில்லாத தோடர், கோண்டர் முதலியோரின் சொற்களையும் செந்தமிழ்ச் சொற்களுக்கு நிகரான சான்றாகக் கொண்டதே கால்டுவெல்லின் தனிச்சிறப்பு. பள்ளி செல்லாத முதியோரின் வாய்ச்சொல்லும் அத்தகைய சான்றே. தமிழ்ப்பள்ளி மாணவர், ஆசிரியர் வழிகாட்டுதலின்படி, தத்தம் குடும்பத்து முதியோரிடம் எண்ணுப் பெயர், உறுப்புப் பெயர், உறவுப் பெயர், ‘நாம், நாங்கள்’ என்னும் வேறுபாடு ஆகியவற்றைக் கேட்டு, மூன்று நிரல்களில் எழுதி வருவாராயின், அஃதொரு சிறு ஒப்பிலக்கணம் ஆகும். கடன் சொல் எது, தாய்ச்சொல் எது என அவர்களே பிரித்துக் காட்டட்டும். பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமலும், பிழை செய்தார் என்பதற்காக இகழாமலும், சான்றை எடைபோட்டு முடிவுக்கு வரும் பழக்கம் அவர்களிடத்து அரும்பும். ஒரு மொழிப்பாடத்தின் பயன் அதுவே. அம்முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்து முடித்தல் கெடாத் தமிழாசிரியர்க்குக் கடனாகும்.